ஆங்கி ஆப் ரிவ்யூ: கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தைக்கு வீட்ல பேசுற தமிழ்ல கார்டு போடுங்க

வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதுற ஜிஆர்இ-க்கோ, மத்திய அரசு வேலைக்கு எழுதுற எஸ்எஸ்சி-க்கோ படிக்கிற யாரைப் பாத்தாலும் ஒரு கட்டத்துல கேக்குறாங்க, வொக்காபுலரிக்கு எந்த ஆப் நல்லாருக்கும்னு. என்னைக் கேட்டா ஆங்கி தான். ரொம்ப நாளா யூஸ் பண்றேன், பத்து பைசா கட்டல. ஆனா இன்ஸ்டால் பண்ணிட்டு யாரோ போட்ட டெக்கை, அதாவது கார்டுக் கட்டை, எறக்கி தட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா பெருசா ஒண்ணும் மண்டையில நிக்காது, கார்டை நீங்களே போடணும், அதுவும் அகராதித் தமிழ்ல இல்ல, வீட்ல அம்மா திட்டும்போது வருதே அந்தத் தமிழ்ல. அத தான் இங்க கொஞ்சம் நீட்டி சொல்லப் போறேன்.

ஆங்கின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஃபிளாஷ் கார்டு ஆப், டேமியன் எல்ம்ஸ்னு ஒருத்தர் 2006-ல வெளியிட்டது. முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் அர்த்தம். தெரிஞ்ச கார்டு தள்ளித் தள்ளிப் போகும், நாளைக்கு, அப்புறம் சில நாள் கழிச்சு, அப்புறம் மாசக் கணக்குல, மறந்த கார்டு உடனே திரும்ப வரும். படிச்சது எவ்வளவு வேகமா மறக்குதுன்னு எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் தன் மேலயே சோதனை பண்ணி 1885-ல எழுதி வெச்சிட்டார், மறக்கப் போற நேரத்துல மறுபடி பாத்தா நல்லா நிக்கும்ங்கிறது தான் இந்த ஆப்போட மொத்த ஐடியாவும். முன்னாடி எஸ்எம்-2ன்னு ஒரு பழைய கணக்கு வெச்சு எந்த கார்டு எந்த நாள் வரணும்னு முடிவு பண்ணுச்சு, 2023-ல இருந்து எஃப்எஸ்ஆர்எஸ்னு புதுசு ஒண்ணும் உள்ளயே குடுத்திருக்காங்க, நீங்க எப்படி மறக்குறீங்கன்னு உங்க ரிவ்யூவ, அதாவது கார்டைத் திரும்பப் பாக்குறத வெச்சே கத்துக்கும். செட்டிங்ஸ்ல போய் அதை ஆன் பண்ணி விட்ருங்க.

இப்ப டெக் விஷயம். ஷேர் பண்ணின டெக் நெட்ல எக்கச்சக்கமா கெடைக்குது, ஜிஆர்இ ஆயிரம் வார்த்தை, ரெண்டாயிரம் வார்த்தைன்னு. நான் எறக்கிப் பாத்ததுல பாதிக்கு மேல ஒரு வார்த்தைக்கு ஒரே ஒரு வார்த்தை அர்த்தம் தான் போட்டிருந்தது. அது பத்தாது. ஜிஆர்இ-ல முன்னாடி ஆன்டனிம் (எதிர்ச்சொல்), அனாலஜி (சொல் ஜோடிப் பொருத்தம்)னு நேரடியா வார்த்தைய கேட்டுட்டு இருந்தாங்க, 2011-ல அதை எடுத்துட்டாங்க, இப்ப எல்லாமே வாக்கியத்துக்குள்ள தான். சென்டன்ஸ் ஈக்விவலன்ஸ்னு ஒரு கேள்வி வகையில, வாக்கியத்துல விட்ட இடத்துக்கு ஆறு ஆப்ஷன்ல ரெண்டு சரியா எடுக்கணும், ஒண்ணு தப்பானாலும் மார்க் கிடையாது. அந்த இடத்துல "டெம்பர்"னா கோபம்னு மட்டும் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? அங்க அது வினைச்சொல்லா வரும், வேகத்தைக் கொஞ்சம் தணிக்கிறதுன்னு அர்த்தம். "குவாலிஃபை"யும் அப்படித்தான், சொன்னதுக்கு ஒரு "ஆனா" சேத்து அளவா சொல்றது. "சாங்ஷன்" நமக்கு லோன் கெடைச்ச நல்ல செய்தி, அதே வார்த்தை பேப்பர்ல ஒரு நாட்டு மேல போடுற தடைக்கும் வரும். இதுக்கெல்லாம் ஒரு வார்த்தைக்கு ரெண்டு கார்டு, ரெண்டுலயும் முழு வாக்கியம், வார்த்தை இருக்குற இடத்தை மட்டும் மறைச்சு வெக்கணும். ஆங்கி ஆப்ல க்ளோஸ்னு ஒரு கார்டு டைப் இருக்கு, அதுக்குன்னே செஞ்சது.

பின்பக்கம் என்ன எழுதுறோம்ங்கிறதுல தான் எல்லாமே இருக்கு. "அப்சீக்வியஸ்"க்கு பணிவானன்னு போட்டிருக்குறதைப் பாத்திருக்கேன். பணிவு நல்ல குணம்ங்க! அந்த வார்த்தையில ஒரு அருவருப்பு இருக்கு, பெரிய மனுஷன் முன்னாடி கூழைக்கும்பிடு போட்டு நெளியுறது, அது வரலன்னா அர்த்தமே வரல. நான் "கூழைக்கும்பிடு"ன்னு ஒரே வார்த்தை போட்டேன், அதுக்கப்புறம் அந்தக் கார்டு தப்பானதே இல்ல. "ஃப்ரூகல்", "பார்சிமோனியஸ்" ரெண்டுக்கும் சிக்கனம்னு ஒரே அர்த்தத்தை போட்டு வெச்சா எக்ஸாம்ல குழப்பம் தான், ஆனா நம்ம ஊர்ல செட்டும் சிக்கனமுமா குடும்பம் நடத்துறவங்க வேற, எச்சிக் கையால காக்கா ஓட்டாதவன் வேற, இது சின்னப் பிள்ளைக்கே தெரியும். முதல் ஆள் ஃப்ரூகல், ரெண்டாவது ஆள் பார்சிமோனியஸ், முடிஞ்சது. வளவளன்னு பேசுறவன் "கேருலஸ்", எப்பப் பாத்தாலும் நொய் நொய்னு குறை சொல்றவன் "குவெருலஸ்", நேரா பதில் சொல்லாம மழுப்புறது "இக்விவகேட்", மதில் மேல் பூனையா நிக்கிறது "வேசிலேட்", தாஜா பண்ணி கோபத்தை எறக்குறது "ப்ளேகேட்". இவ்வளவு துல்லியமான சொல்லெல்லாம் பேச்சுத் தமிழ்ல அப்படியே கெடக்கு. தமிழ் மீடியத்துல படிச்சவங்க இங்கிலீஷ் அர்த்தத்தை இங்கிலீஷ்லயே மனப்பாடம் பண்ணி கஷ்டப்படுறதப் பாக்கும்போது நெஜமாவே வருத்தமா இருக்கு, நம்ம கையில இருக்குறது எவ்வளவு பெரிய பலம்னு யாரும் அவங்களுக்கு சொல்றதில்ல.

கார்டு போடும்போது "பரையா"ன்னு ஒரு வார்த்தை வரும், ஜிஆர்இ லிஸ்ட்ல அடிக்கடி இருக்கும், எல்லாரும் ஒதுக்கி வெச்சவன்னு அர்த்தம் போட்டிருப்பாங்க. அது நம்ம தமிழ்ல பறையர்ங்கிற பேர்ல இருந்து இங்கிலீஷுக்குப் போனது, பறைங்கிற சொல்லு அதுக்குள்ள இருக்கு, 17-ஆம் நூற்றாண்டுலயே போயிடுச்சு. ஒரு ஜனத்தோட பேரையே ஒதுக்கப்பட்டவன்னு ஒரு பொதுச்சொல்லா ஆக்கி வெச்சிருக்காங்க. எக்ஸாமுக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கணும் தான், ஆனா அந்தக் கார்டுக்குப் பின்னாடி அது எங்கருந்து வந்ததுன்னும் சேத்து எழுதுங்க, தெரியாம வாயில வந்தபடி அதைப் பேச்சுல யூஸ் பண்ணக் கூடாதுன்னு நான் நெனைக்கிறேன்.

வேர்ச்சொல்லுக்கு டேக் (அடையாளப் பேரு) போடுற வசதி இருக்கு, அது நல்லா உதவும். லத்தீன்ல "க்ரெக்ஸ்"னா மந்தை. கூட்டத்தோட கலந்து பழகுறவன் "க்ரிகேரியஸ்", மந்தையில இருந்து பிரிக்கிறது "செக்ரிகேட்", மந்தைய விட்டுத் தனியா தெரியுறது "எக்ரீஜியஸ்", இந்த கடைசி வார்த்தை ஒரு காலத்துல நல்ல விதமா தனிச்சுத் தெரியுறதைச் சொன்னது, இப்ப படுமோசம்னு அர்த்தம் ஆயிடுச்சு. நாலஞ்சு வார்த்தைக்கு ஒரே டேக் போட்டு வெச்சா ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வரும்.

உச்சரிப்புக்கு ஃபோன்ல இருக்குற குரலையே கார்டுல படிக்க வைக்கலாம், ஆனா கார்டு எப்படித் தெரியணும்னு முடிவு பண்ற டெம்ப்ளேட்ல போய் ஒரு வரி சேக்கணும், புதுசா வர்றவங்களுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது, இந்த மாதிரி விஷயத்துல ஆப் ரொம்ப மோசம். மெனுவும் சரி, பாக்குறதுக்கும் சரி, பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரி தான் இருக்கும். ஆனா கொஞ்சம் மெனக்கெட்டு செஞ்சிருங்க, "எபிடமி"ய எபிடோம்னும் "ஹைப்பர்பலி"ய ஹைப்பர்போல்னும் படிச்சுப் பழகிட்டா அப்புறம் இன்டர்வியூல மாத்துறது கஷ்டம்.

பட்டன் நாலு இருக்கும், அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி. நெறைய பேர் மறந்து போன கார்டுக்கு ஹார்ட் அமுக்குறாங்க. ஹார்ட்னா கஷ்டப்பட்டு ஞாபகம் வந்துச்சுன்னு தான் ஆப் எடுத்துக்கும், அதுவும் பாஸ் கணக்கு தான், மறந்திருந்தா அகெய்ன் தான் அமுக்கணும், இல்லன்னா நாள் கணக்கு மொத்தமும் தப்பாப் போகும். அதே மாதிரி ஒரு நாளைக்கு புதுசு 20ன்னு செட் ஆகி வரும், கேக்க கம்மியா இருக்கும், ஆனா சில வாரத்துல ரிவ்யூ ஏறி ஏறி நூறைத் தாண்டி நிக்கும், ரெண்டு நாள் லீவு விட்டா மலை மாதிரி குவிஞ்சிடும். வேலைக்குப் போயிட்டே படிக்கிறவங்க 8, 10 வெச்சுக்கோங்க. எட்டு தடவ மறந்த கார்டுக்கு லீச்னு ஆப்பே டேக் போட்டுடும், செட்டிங்ஸைப் பொறுத்து நிறுத்தியும் வெச்சிடும், அதைத் திரும்ப உள்ள தள்ளாதீங்க, வாக்கியத்தை மாத்தி புதுசா எழுதுங்க, தப்பு பெரும்பாலும் கார்டுல தான் இருக்கும்.

காசு விவரம்: கம்ப்யூட்டர்ல ஃப்ரீ, ஆண்ட்ராய்டுல ஆங்கிட்ராய்டுன்னு தன்னார்வலர்கள் செய்றது, அதுவும் ஃப்ரீ, விளம்பரம் கூட கிடையாது. ஐஃபோன்ல மட்டும் ஆங்கிமொபைல், அமெரிக்க விலை 24.99 டாலர், ஒரே தடவ கட்டுறது. நம்ம ஊர் மாணவர்களுக்கு அது அதிகம் தான், ஆனா ஐஃபோன் வெச்சிருக்குறவங்க பிரௌசர்ல ஆங்கிவெப்ல போய் ஃப்ரீயாவே ரிவ்யூ பண்ணிக்கலாம், வேலைக்கு ஆகும். ஸ்டோர்ல கிட்டத்தட்ட இதே பேர்ல வேற ஆப்களும் இருக்கு, மாசா மாசம் சந்தா கேக்கும், அது இது இல்ல, பேரை நல்லாப் பாத்து எறக்குங்க.

என் ரேட்டிங் 5-க்கு 4. எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் தான் இருக்குன்னா இதுல எறங்காதீங்க, நாள் தள்ளித் தள்ளி வர்றதுக்கே நேரம் இருக்காது. நாலு மாசமாவது கையில இருந்தா இன்னிக்கே அஞ்சு கார்டு போட்டு ஆரம்பிங்க, ஏதாவது வார்த்தைக்கு சரியான பேச்சுத் தமிழ் மாட்டலன்னா கமென்ட்ல கேளுங்க, தெரிஞ்சவங்க யாராவது சொல்வாங்க, நானும் பாத்து சொல்றேன்.