எண் 17: ₹23,600 கொடுத்து நான் ‘வாங்கிய’ தெருவோரம்

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ₹23,600. தெருவோரத்தில் என் காரை நிறுத்த ஓர் இடத்துக்காக, ஒரே தவணையில், ரகசிய எண்ணை என் விரலாலேயே அழுத்தி அனுப்பிய பணம். நேற்று மாலை வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் ஒருவர் என் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் மெரினாவில் நான்கு அலையை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்” என்றார். அங்கே எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது. இன்னும் இறங்கவில்லை.

நான் இருப்பது மேற்கு மாம்பலம். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள், கார் நிறுத்த ஐந்து இடங்கள். கட்டிய காலத்தில் ஐந்தே அதிகம் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஐந்தில் எனக்குப் பங்கில்லை. ஆறு வருடமாக என் கார் தெருவில்தான் உறங்குகிறது. மாம்பலத்துத் தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக வைப்பார். அவருக்கு அடுத்தவர் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கருங்கல்லை ஏற்றி உட்கார வைத்திருப்பார். மூன்றாம் வீட்டில் ‘நோ பார்க்கிங்’ பலகை இருக்கிறது, காவல்துறை வைத்ததல்ல, அவரே பெயின்டரைக் கூப்பிட்டு எழுதிக்கொண்டது. என் வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டு முறை போய்விட்டது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, முழங்கால் தேய்மானம். மருத்துவரிடம் கூட்டிப்போகிற நாளில், இரண்டு தெரு தள்ளி நிற்கும் காரை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினால், அம்மா படியிறங்கி வருவதற்குள் பின்னால் மூன்று ஆட்டோவும் ஒரு தண்ணீர் லாரியும் ஹாரனை விடாமல் அடிக்கும்.

இப்படி இருந்தவனின் கைப்பேசியில்தான் அந்த விளம்பரம் வந்தது. ‘உங்கள் வாசலில் உங்களுக்கென்று ஓர் இடம்.’ பார்க்கிங் இடத்தைச் செயலி வழியாக வாடகைக்கு விடும் நிறுவனம் அது. கூடவே மின்ஸ்கூட்டர்களையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. பெயர் சொல்லப் போவதில்லை. வழக்கறிஞராக இருக்கும் மைத்துனர் சொல்லாதே என்கிறார்.

மறுநாளே ஆள் வந்துவிட்டான். இருபத்தைந்து வயது இருக்கும். ஒளிரும் பட்டை போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். குனிந்து உட்கார்ந்து என் காரை அளந்தான். “நான்கு மீட்டருக்குள்தான் வருகிறது சார், சின்ன இடமே போதும், உங்களுக்குப் பெரிய வண்டிக்கான கட்டணம் வேண்டாம்” என்றான். நம் காசை மிச்சப்படுத்திக் கொடுப்பவனை யார் சந்தேகப்படுவார்கள்? அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள். “பாட்டி, இனிமேல் நீங்கள் பத்தடி நடந்தால் போதும்” என்றான். அம்மா இன்னொரு தம்ளர் கொடுத்தாள்.

மாநகராட்சி இதற்கு அனுமதித்திருக்கிறதா என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். “2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்களே, பார்க்கிங்குக்குச் செயலி வந்ததே, அதன் அடுத்த கட்டம்தான் சார் இது, குடியிருப்புத் தெருக்களுக்கு” என்றான். முத்திரை போட்ட ஒரு தாளையும் காட்டினான். பாண்டி பஜார் எங்களுக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தான். அகலமான நடைபாதையும் செயலியும் நான் கண்ணால் பார்த்தவை. நிஜமான ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு பொய் வந்ததால் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஓராண்டுக்கு ₹20,000, சரக்கு சேவை வரி 18 சதவீதம் ₹3,600, ஆகமொத்தம் ₹23,600. இன்றே கட்டினால் இந்த விலை, நாளை முதல் ₹3,000 கூடும் என்றான். வரியைத் தனியாகப் போட்டிருந்ததுதான் என்னை வீழ்த்தியது என்று இப்போது தோன்றுகிறது. திருடன் வரி போடுவானா என்று மனம் கேட்டது. அவன் நீட்டிய அட்டையில் இருந்த கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தேன், எண்ணை அழுத்தினேன், பணம் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் குறித்த இடத்தில் பல வருடமாக ஓர் இஸ்திரி வண்டி நின்றது. அதன் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பையன் அவரைத் தள்ளிப்போகச் சொன்னான். அண்ணன் என்னைப் பார்த்து, “சார், தெருவை விற்க இவன் யார்?” என்று கேட்டார். “எல்லாம் முறைப்படிதான் அண்ணே” என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கரிப்பெட்டியை மூடி, வண்டியை வேப்பமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு கேள்விக்கு நான் காது கொடுத்திருந்தால் ₹23,600 என்னிடம் இருந்திருக்கும்.

இரண்டு நாளில் தரையில் மஞ்சள் கட்டம் வரைந்து ‘17’ என்று எழுதினார்கள். நடுவில் ஒரு மடக்குக் கம்பம், அதற்குப் பூட்டு, சாவி என்னிடம். தரையில் ஒரு வட்ட வில்லையையும் பதித்தார்கள். “உணரி சார். மேலே கார் வந்து நின்றால் அந்த இரும்பு பூமியின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் அசைக்கும், அதை இது கண்டுபிடித்துச் செயலிக்குச் சொல்லும்.” அப்படிப்பட்ட உணரிகள் உண்மையிலேயே இருக்கின்றன. சான்பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கில் சாலையில் பதித்துச் சோதித்திருக்கிறார்கள். என் செயலியிலும் நான் காரை நிறுத்தியதும் பச்சைக் கட்டம் சிவப்பானது. பதினொரு நாள் ராஜா மாதிரி இருந்தேன். அலுவலகத்தில் வேலையில்லாத நேரத்தில் அந்தக் கட்டத்தைத் திறந்து திறந்து பார்த்ததும் உண்டு.

பன்னிரண்டாம் நாள் மாலை வந்து பார்த்தால் கம்பம் வளைந்து கிடக்கிறது, 17-இல் வேறொரு கார் நிற்கிறது. அதன் சொந்தக்காரரிடம் செயலியைக் காட்டினேன். “இது என்ன உங்கள் அப்பா வீட்டு ரோடா?” என்றார். பணம் கட்டியிருக்கிறேன் என்றேன். “யாரிடம்?” என்றார். அந்த ‘யாரிடம்’ இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் காலை மாநகராட்சி ஊழியர்கள் வந்து கம்பத்தைப் பிடுங்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

இனி அலைக்கழிப்பு. செயலியில் புகார் எழுதினேன். ‘உங்கள் மனநிறைவே எங்கள் நோக்கம், மூன்று வேலை நாளில் தீர்வு’ என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று அவர்களே மூடிவிட்டார்கள். மறுபடி எழுதினேன், மறுபடி மூடினார்கள். அந்தப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றை முதல் இரண்டு நாள் படித்தான், பிறகு படிக்கவும் இல்லை. வாடிக்கையாளர் எண்ணில் ஒரு பெண் எடுத்தார். வேறு இடம் தருகிறோம் சார் என்றார். எங்கே? சைதாப்பேட்டையில். என் வீட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். ஜப்பானில் கார் வாங்க வேண்டுமானால் நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று 1962-லேயே சட்டம் போட்டார்கள். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த ஊர்க் கணக்கிலும் சைதாப்பேட்டை தேறாது. வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மறுநாள் குறுஞ்செய்தி: ‘தங்கள் ₹23,600 வெற்றிகரமாகத் திருப்பி அளிக்கப்பட்டது.’ வங்கிக் கணக்கில் பார்த்தேன், இல்லை. அவர்கள் செயலிக்குள் 23,600 புள்ளிகளாக வந்திருக்கிறது! அதை மின்ஸ்கூட்டர் வாடகைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். எழுபத்து நான்கு வயது அம்மாவை முழங்கால் வலியோடு மின்ஸ்கூட்டரில் ஏற்றி நான் எங்கே போவது?

அன்று மாலை ஒரு சந்தேகம் வந்து, காரை எடுக்காமல் வெறும் கைப்பேசியோடு 17-இல் போய் நின்றேன். செயலியில் கட்டம் சிவப்பானது. ‘உங்கள் வாகனம் பத்திரமாக நிறுத்தப்பட்டது.’ அது பார்த்துக்கொண்டிருந்தது என் கைப்பேசி இருக்குமிடத்தை மட்டும்தான். இஸ்திரி அண்ணன் திருப்புளி கொண்டு வந்து அந்த வில்லையை நெம்பி எடுத்தார். உள்ளே பசையும் மண்ணும். வேறொன்றும் இல்லை.

வங்கியில், நீங்களே எண்ணை அழுத்தி அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சொன்னதை எடுத்துக் காட்டினேன். அது நமக்குத் தெரியாமல், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், வேறொருவர் எடுத்த பணத்துக்கு. அறிந்தே கொடுத்துவிட்டு ஏமாந்தவனுக்கு அல்ல.

வார்டு அலுவலகத்து உதவிப் பொறியாளர்தான் பொறுமையாக விளக்கினார். வாகனம் நிறுத்த எது இடம் என்று குறிக்கும் அதிகாரம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி மாநில அரசுக்கு, அல்லது அது அதிகாரம் அளித்த அமைப்புக்கு. அதுவும் உள்ளாட்சியைக் கலந்துகொண்டு. தெருவோரத்தில் கட்டணம் வாங்கினாலும் அது நின்ற நேரத்துக்கான காசு, இடத்துக்கான விலை இல்லை. வண்டியை எடுத்த அடுத்த நொடி அது அடுத்தவருக்கு. சான்பிரான்சிஸ்கோவில் 2014-இல் ஒரு செயலி, தெருவில் தாங்கள் நிற்கும் இடத்தை ஓட்டுநர்கள் ஏலம் விட வழி செய்து கொடுத்ததாம். அந்த நகரத்தின் சட்ட அதிகாரி டென்னிஸ் ஹெரேரா உடனே நோட்டீஸ் அனுப்பி நிறுத்தச் சொன்னார். இதை நேற்று இரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். ₹23,600 கொடுப்பதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும்.

எச்சரிக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன், பத்து இருக்கும் என்று நினைத்தேன், மூன்றுதான் வருகிறது. இடம் மதிற்சுவருக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் தம் காலிமனையையோ வாசலுக்குள் இருக்கும் இடத்தையோ வாடகைக்கு விடலாம், அதில் தவறில்லை. சுவருக்கு வெளியே என்றால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ரசீதில் இருக்கும் வரிப் பதிவு எண்ணை எண்ணிப் பாருங்கள். பதினைந்து எழுத்து இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். என்னுடையதில் பதினான்குதான், நேற்றுதான் எண்ணினேன். பணம் போனால் அன்றே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். நான் புள்ளிகளுக்காகவும் சைதாப்பேட்டைக்காகவும் ஒன்பது நாளை வீணாக்கிவிட்டுக் கூப்பிட்டேன். புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார். மற்றதை அப்புறம் எழுதுகிறேன், காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

இஸ்திரி அண்ணன் இன்று காலை வண்டியைப் பழைய இடத்துக்கே உருட்டி வந்துவிட்டார். மஞ்சள் 17-இன் மேல்தான் நிற்கிறார். என் சட்டைகளை வாங்கிக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை. அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கைப்பேசி அதிர்ந்தது. ‘எண் 17-ஐ அடுத்த ஆண்டுக்கும் இப்போதே உறுதி செய்யுங்கள், 10 சதவீதம் தள்ளுபடி.’