பெரிய எண்களைப் பகுத்துக் காட்டும் ஒரு கைபேசிச் செயலி

முழு எண்ணை உள்ளிட்டால் அதன் பகாக் காரணிகளையும் வகையையும் சொல்லும் இலவசச் செயலி ஒன்றை ஒரு மாதமாகப் பயன்படுத்துகிறேன். 33550336-ஐ உள்ளிட்டதும், அது 2-இன் 12-ஆம் அடுக்கை 8191 என்னும் பகா எண்ணால் பெருக்கக் கிடைப்பது என்றும், அதன் 26 வகுத்திகளில் தன்னைத் தவிர்த்த 25-ஐயும் கூட்டினால் அதே எண் வருவதால் அது நிறைவெண் என்றும் காட்டியது. 0, 1 மட்டுமே கொண்டு எழுதும் இரும வடிவில் பதின்மூன்று ஒன்றுகளுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழியங்கள் அணிவகுத்து நின்றது கண்ணுக்கே விருந்து. அது முக்கோண எண்ணும்கூட (1, 2, 3 என வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் எண்) என்பதை ஏனோ விட்டுவிட்டார்கள். பெரிய குறை வேறு: 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டிய ஃபெர்மா எண்ணான 4294967297-ஐ (2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது) இட்டபோது, 32 பிட்டுக்கு, அதாவது 32 இரும இலக்கங்களுக்கு, மேல் இடமில்லாததால் போலும், செயலி அதை வெறும் 1 என்று எடுத்துக்கொண்டது. நானூறு கோடிக்கு உட்பட்ட எண்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.