வள்ளி திருமணம்: கோயில் பந்தலிலும் அரங்கத்திலும்

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தை இரண்டு விதமாகப் பார்த்துவிட்டேன். ஒன்று நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் கொடையில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாவில், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய. இன்னொன்று நகரத்து அரங்கத்தில், ஒன்றரை மணி நேர நவீன வடிவம்.

கொடைப் பந்தலில் கூட்டம் சும்மா இருக்காது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது வள்ளி மடக்கிப் பேசினால் பெண்கள் பக்கமிருந்து கைதட்டு. நாரதர் திணறினால் விசில். அந்தத் தர்க்கம் பெரும்பாலும் மேடையிலேயே பிறப்பது. அதனால் கூட்டத்தின் சத்தம் கேட்டு நடிகர்கள் நீட்டுவார்கள், குறைப்பார்கள். நடுச்சாமத்தில் பிள்ளைகள் பாயில் தூங்கிவிடும். வள்ளியைப் பயமுறுத்த யானை வருகிற நேரம் பார்த்து எழுப்பிவிடுவார்கள்.

அரங்கத்தில் ஆர்மோனியம் இல்லை. ஒரு பறையும் வெளிச்சமும்தான். வெற்று மேடையில் வள்ளி கவணைச் சுழற்றி, பறவை விரட்டும் ஆலோலம் பாடினாள். கிழவனாக வந்த முருகன் நெருங்க, அவள் ஓரடி பின்வாங்கினாள். பந்தலில் எல்லோரும் சிரித்த அதே இடத்தில் இங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் பயத்தை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

பக்கத்து இருக்கை ஆச்சி மட்டும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்களே, பாட்டு எங்க?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். தர்க்கத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கியதை என்னாலும் ஏற்க முடியவில்லை. ஆனாலும் முதல்முறை பார்க்கிற கல்லூரிப் பிள்ளைகளை நான் அரங்கத்துக்குத்தான் கூட்டிப்போவேன். அப்புறம் கொடைக்கு.