"அந்த மூலைல கெடக்கு பா": அல்லிக்குளம் ரெக்கார்டு கடைகளில் ராக் தேடுவது எப்படி

சென்ட்ரலுக்குப் பக்கத்தில், நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தை ஊர் இன்னும் மூர் மார்க்கெட் என்றுதான் சொல்கிறது. 1985 மே மாதத் தீயில் போன அசல் மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பெரம்பூர், வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்து ஆட்களுக்கு ரயிலை விட்டு இறங்கினால் நடை தூரம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு மெட்ரோ நீல வழி. இங்குள்ள பழைய ரெக்கார்டு கடைகளைப் பற்றிப் பொதுவாக எழுதுபவர்கள் இளையராஜா எல்.பி.யோடு (பெரிய இசைத்தட்டு) நிறுத்திவிடுகிறார்கள். 60, 70களின் அதிகம் பேசப்படாத ராக் இசையைத் தேடுகிறவருக்கு இந்தக் கடைகள் எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

சுருக்கமாகச் சொன்னால், பிளேட்டு (ரெக்கார்டைக் கடைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள்) வாங்கலாம், கேசட்டை யோசித்து வாங்கலாம், பிளேயரை மட்டும் இங்கே வாங்க வேண்டாம்.

"இங்கிலீஷ் பிளேட்டு இருக்காண்ணே?" என்று கேட்டால், "அந்த மூலைல கெடக்கு பா, நீயே பாத்துக்க" என்று பதில் வரும். ராக் தேடுகிறவருக்கு இந்த அலட்சியத்தைவிட நல்ல சேதி கிடையாது. தமிழ்ப் படப் பிளேட்டுகளின் மதிப்பு கடைக்காரர்களுக்கு அத்துப்படி. அங்கே பேரம் பலிக்காது. பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் பெயர்களும் தெரியும், அவற்றுக்கும் தனி விலை. மற்ற ஆங்கிலப் பிளேட்டுகள் எல்லாம் ஒரே குவியல், கிட்டத்தட்ட ஒரே விலை. குவியலில் முக்கால்வாசி ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், போனி எம், ஆப்பா, ஜேம்ஸ் லாஸ்ட் என்றுதான் இருக்கும். அதற்குள்தான் கை விட வேண்டும்.

கையை விடும் முன் ஒன்று: ஆங்கிலக் குவியலோடு நிறுத்தாதீர்கள். ஆனந்த சங்கர் 1975-ல் இந்தியாவில் வெளியிட்ட 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' எல்.பி.யில் சித்தாரும் மூக் சின்தசைஸரும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து ஓடுகின்றன. அட்டையில் சித்தார் என்று பார்த்ததும் அதை ரவிசங்கர் பக்கத்தில் சொருகிவிடுவார்கள். ஒசிபிசா 1969-ல் லண்டனில் கானா, கரீபியன் ஆட்கள் சேர்ந்து தொடங்கிய ஆஃப்ரோ ராக் குழு. அதன் பிளேட்டு டிஸ்கோ அடுக்கில் உட்கார்ந்திருக்கும். 1971-ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் பறக்கும் யானை, ரோஜர் டீன் வரைந்தது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

நம் நாட்டு ராக் தனிக் கதை. சிம்லா சிகரெட் பெயரில் நடந்த இசைக்குழுப் போட்டியிலிருந்து 1970, 71-ல் 'சிம்லா பீட்' என்று இரண்டு தொகுப்பு எல்.பி.க்கள் வந்தன. பம்பாய் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவுக்கு ஒரே ஒரு ஆல்பம், 'அப்செஷன் 77'. ராக் மெஷின் குழுவின் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' 1988. முதல் இரண்டும் உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் துரத்துகிற சரக்கு. பின்னாளில் வெளிநாட்டில் மறுபதிப்பும் வந்துவிட்டது. எனவே கண்ணில் பட்டால் முகத்தில் காட்டாமல் முதலில் பிளேட்டின் நடுவில் ஒட்டிய லேபிளையும் அட்டைத் தாளையும் பாருங்கள். புத்தம் புது வெள்ளைத் தாள், கூர்மையான அட்டை மூலை, பார்கோடு என்றிருந்தால் மறுபதிப்பு. அசல் விலை கொடுத்து ஏமாற வேண்டாம்.

தெரியாத குழுவை எதை வைத்து எடுப்பது? அட்டைப் படத்தை வைத்து எடுப்பவர்கள் பத்துக்கு ஏழு முறை தோற்பார்கள். பின்னட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள். யார் வாசித்தது, அவர் வேறெங்கே வாசித்தார் என்று பிடித்துப் போனால் கிளை விரியும். டீப் பர்ப்பிளின் முதல் பாடகர் ராட் எவன்ஸ் அங்கிருந்து வெளியேறிய பிறகு 1972-ல் கேப்டன் பியாண்ட் என்ற குழுவோடு ஓர் ஆல்பம் செய்தார். டீப் பர்ப்பிள் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. மோட்டார்ஹெட் குழுவின் லெம்மி, அந்தக் குழுவுக்கு முன் மலேசியாவில் பிறந்த தபலா கலைஞர் சாம் கோபாலின் குழுவில் பாடினார், 'எஸ்கலேட்டர்', 1969. டிரம்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் தபலா. மெட்டாலிக்கா இரண்டு பாட்டுகளை எடுத்துப் பாடிய வேல்ஸ் நாட்டுக் குழு பட்ஜி. இவற்றின் அசல் பிளேட்டு அல்லிக்குளத்தில் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. கையில் உள்ள அட்டையிலிருந்து அடுத்த பெயருக்குப் போகிற வழியைச் சொல்கிறேன். கடையில் நின்றபடியே போனில் பாட்டின் நடுப்பகுதியை ஒரு நிமிடம் கேட்டாலே முடிவு தெரிந்துவிடும். முன்னிசையை நம்பாதீர்கள், 70களில் எல்லாருக்கும் முன்னிசை நன்றாக வந்தது.

இன்னொரு குறுக்கு வழி, சாம்ப்ளர் எல்.பி. கம்பெனிகள் தங்கள் புதுக் குழுக்களை அறிமுகம் செய்ய ஆளுக்கொரு பாட்டு போட்டு மலிவாக விற்றவை. சி.பி.எஸ்.ஸின் 'தி ராக் மெஷின் டர்ன்ஸ் யூ ஆன்' (1968), ஐலண்டின் 'நைஸ் இனஃப் டு ஈட்' (1969), ஹார்வெஸ்டின் 'பிக்னிக்' (1970) எல்லாம் அந்த வகை. தொகுப்பு என்றாலே சேகரிப்பாளர்கள் மதிக்க மாட்டார்கள், அதனால் விலை ஏறாது. தேடுகிறவருக்கு ஒரே பிளேட்டில் பத்துப் பன்னிரண்டு குழுக்கள்.

இனி, ஏமாறுகிற இடங்கள்.

முதலில் பிளேட்டை வெளியே எடுத்து, லேபிளில் உள்ள பெயரும் எண்ணும் அட்டையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஆள் மாறிய பிளேட்டு இங்கே சர்வ சாதாரணம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மூட்டையாக வரும்போதே கலந்துதான் வருகிறது. லேபிள் ஓரத்து எழுத்தில் அச்சான நாடு தெரியும். இந்தியப் பதிப்பு என்றால் பெரும்பாலும் கல்கத்தா டம்டம் ஆலையில் அடித்த எச்.எம்.வி. குடும்பத்துச் சரக்கு, அல்லது பம்பாய் பாலிடார். இந்தியப் பதிப்பு மட்டம் என்று தள்ளிவிடாதீர்கள். நன்றாக வைத்திருந்த டம்டம் பிளேட்டு, தேய்ந்த லண்டன் பிளேட்டைவிட எவ்வளவோ மேல்.

அடுத்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கீறலை நகத்தால் மெல்லத் தடவும்போது நகம் தட்டினால் ஊசியும் தட்டும். குறுக்குக் கீறலுக்குக் கணக்கு இருக்கிறது: நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, ஒரு சென்டிமீட்டருக்குள் வரி (ஊசி ஓடும் பள்ளம்) சுமார் 80 முதல் 100 சுற்று. ஆக ஒரு சென்டிமீட்டர் கீறல் என்றால் இரண்டரை முதல் மூன்று நிமிடம் 'டிக், டிக்'. சகிக்கலாம். வரியோடு வரியாக ஓடும் கீறல்தான் ஆபத்து. ஊசி அதே இடத்தில் சுற்றும், இல்லை தாண்டும்.

கீறலே இல்லாமல், ஆனால் கறுப்பு மங்கி சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் வைத்துவிடுங்கள். கனமான, தேய்ந்த ஊசியில் வருஷக்கணக்காக ஓடிய பிளேட்டு அது. வரியின் சுவரே அரைபட்டிருக்கும், எந்தக் கழுவலும் திருப்பித் தராது. சத்தமான இடங்களிலும் உள்பக்கக் கடைசிப் பாட்டிலும் குரல் கரகரக்கும். ராக் கேட்பவருக்கு அது பாதி ஆல்பம்.

வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கழுவினால் போகும். நெளிவைப் பார்க்க, பிளேட்டைக் கண் மட்டத்தில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தை நல்ல டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) சமாளிக்கும். திடீரென்று குத்தும் நெளிவைச் சமாளிக்காது.

"போட்டுக் காட்டுங்கண்ணே" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் நல்ல நிலையில் உள்ள பிளேட்டை அங்கே போடச் சொல்லாதீர்கள். கடை பிளேயரின் ஊசி எந்தக் காலத்தில் மாற்றியது என்று அவருக்கே தெரியாது. சந்தேகமான பிளேட்டுக்கு மட்டும் கேளுங்கள், அதுவும் கடைசிப் பாட்டின் ஓரத்தில் அரை நிமிடம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும். நான்கு பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். மென்மையான பிரஷ்ஷால் வரி ஓடும் திசையிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிமிர்த்தி நிழலில் காய வையுங்கள். லேபிள் நனையக் கூடாது. நம் பக்கத்து போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம்; காய்ந்ததும் உப்பு வரிக்குள் தங்கிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகாது, அதில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்தே வரும். 78 வேகப் பிளேட்டுக்கு ஆல்கஹால் சேர்க்காதீர்கள். அவை அரக்குப் பிளேட்டுகள், ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும்.

கேசட் விஷயத்தில் ஆசை காட்டுவது ரெக்கார்டிங் சென்டர் காலத்துச் சரக்கு. யாரோ ஒருவர் வெற்றுக் கேசட்டில் ஆசையாய்ப் பதியச் சொன்ன பாட்டுகள், உள்ளே பேனாவால் எழுதிய பட்டியல். கேசட் கெட்டிருந்தாலும் அந்தப் பட்டியல் உதவும். வாங்குவதானால் ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளை படர்ந்திருந்தால் பூஞ்சை; அதை ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவுக்குப் பின்னால் உள்ள சிறு பஞ்சுத் திண்டு விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். நான்கு மூலையிலும் திருகு உள்ள கேசட் என்றால் திறந்து திண்டை மாற்றலாம். ஒட்டி மூடியதென்றால் உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

பிளேயரை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், பளபளவென்று நிற்கும் வெளிநாட்டு டர்ன்டேபிள்களில் சில 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை. "டிரான்ஸ்பார்மர் போட்டுக்கலாம் பா" என்பார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் அலைவை நம்பிச் சுழலும் பழைய ஏ.சி. மோட்டார் நம்மூர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். 33⅓ போய் சுமார் 27.8. பாடகர் மூன்று அரைச்சுரம் இறங்கிக் குடித்தவர்போல் பாடுவார். மோட்டார் புல்லியை (பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரம்) மாற்றினால்தான் தீரும், அந்தப் புல்லி கிடைப்பது குதிரைக் கொம்பு. குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவுக்கு (மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் வகை) இந்தச் சிக்கல் இல்லை, வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும். எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரிப் பழைய பெட்டி பிளேயர்கள் அழகுக்குச் சரி. அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) பிளேட்டை அழுத்தும் கனம் அதிகம். மேக்னெடிக் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் போதும். நேற்றுத் தேடி எடுத்த அபூர்வப் பிளேட்டை அந்தப் பெட்டி பிளேயரில் போட்டால் மேலே சொன்ன சாம்பல் பூப்பு உங்கள் வீட்டிலேயே தொடங்கும். மேக்னெடிக் வாங்கினால் நடுவே போனோ ப்ரீ-ஆம்ப் (ஊசியின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் பெட்டி) வேண்டும், இல்லையென்றால் கொசு பாடுவதுபோல் கேட்கும்.

விலையில் ஒரு வார்த்தை. ஒற்றைப் பிளேட்டுக்குப் பேரம் பேசுவதைவிட ஐந்தாறு சேர்த்து ஒரு தொகை சொல்லுங்கள், உடனே இறங்குவார்கள். வேண்டிய ஒன்றை நடுவில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். வாங்கியதைத் திருப்பித் தர முடியாது என்பது எழுதாத சட்டம். மழைக்காலத்தில் அட்டைகள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தால் படம் கிழியும். தை பிறந்த பிறகு போவது உத்தமம். கட்டைப் பை ஒன்று கொண்டுபோங்கள், எல்.பி. நிமிர்ந்து நிற்கும். பைக்கில் போகிறவர்கள் அதை டேங்க் மேல் படுக்கவைத்து மத்தியான வெயிலில் டீக்கடையில் நிற்க வேண்டாம், வளைந்துவிடும்.