ஊரிலிருந்து வங்கிக் கணக்கைத் திறக்க முயன்றபோது: விபிஎன் தடுப்பு பற்றி ஓர் அனுபவம்

விடுமுறையில் ஊருக்குப் போன இந்த முறை எல்லாம் நன்றாகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது, நான் குடியிருக்கும் நாட்டிலுள்ள வங்கியின் இணையதளம் என்னை வாசலிலேயே நிறுத்திய விதம்தான். வாடகை கட்டவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. வெளிநாட்டில் வாழும் நம்மில் பலர் செய்வதைப் போல, நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பி, அங்கிருந்து வருவதுபோலக் காட்டும் விபிஎன் செயலியில் குடியிருக்கும் நாட்டின் சர்வரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போக முயன்றேன். கடவுச்சொல் கேட்கும் பக்கம்கூட வரவில்லை. 403 என்ற எண்ணும், அனுமதி மறுக்கப்பட்டது என்ற ஒற்றை வரியும்தான் வந்தன. சர்வரை மாற்றியும், பிரவுசரை மாற்றியும் அதே வரி.

நெட்வொர்க் பாதுகாப்புத் துறையில் வேலை செய்யும் அக்கா மகன்தான் விளக்கினான். "மாமா, நீங்க யாருன்னு அவங்க பார்க்கவே இல்ல. எந்த ஐபியிலிருந்து வர்றீங்கன்னு மட்டும்தான் பார்த்தாங்க."

ஒவ்வொரு இணைப்பும் ஐபி முகவரி என்ற எண்ணோடுதான் இணையத்தில் தெரியும். எந்த ஐபி முகவரித் தொகுதி எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது யாரும் பார்க்கக்கூடிய தகவல். வீட்டு இணைப்பு தரும் நிறுவனங்களின் தொகுதிகள் வேறு, சர்வர்களை வரிசையாக வைத்து நடத்தும் டேட்டா சென்டர்களின் தொகுதிகள் வேறு. விபிஎன் சர்வர்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில் இருக்கின்றன. டேட்டா சென்டரில் உட்கார்ந்து யாரும் வாடகை கட்டுவதில்லை என்பதால், அந்த முகவரியே போதுமான சந்தேகமாகிவிடுகிறது. இதற்கான பட்டியல்களை விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு. அவை தாமே விபிஎன் சேவைகளுக்குச் சந்தா கட்டி, ஒவ்வொரு சர்வராக இணைந்து பார்த்து, தளங்களுக்குத் தெரியும் வெளியேறும் முகவரிகளைக் குறித்துக்கொள்ள முடியும். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்போ தன் வெளியேறும் முகவரிகளைத் தானே வெளியிடுகிறது. நமக்கும் தளத்துக்கும் இடையில் நின்று கோரிக்கையைக் கடத்தும் பழைய வகை ப்ராக்ஸிகள் இன்னும் மோசம்: 'வயா', 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற தலைப்புவரிகளைக் கோரிக்கையில் சேர்த்து, தாம் இடையில் இருப்பதைத் தாமே சொல்லிவிடுகின்றன.

முகவரி பட்டியலில் இல்லாவிட்டாலும் வேறு தடயங்கள் உண்டு. ஒரே முகவரியிலிருந்து சம்பந்தமில்லாத நூற்றுக்கணக்கான கணக்குகள் திறக்கப்படலாம். பிரவுசரில் வீடியோ அழைப்புக்கு உதவும் வெப்ஆர்டிசி என்ற வசதியை விபிஎன் சரியாக அடைக்காவிட்டால், அதன் வழியே உண்மையான முகவரி கசியலாம். சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) 1500 பைட் வரை போகும். வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் சுரங்கத்தில் பெரும்பாலும் 1420 பைட்தான் என்பதால், அளவு சுருங்கியிருப்பதே ஒரு குறிப்பாகிறது. என் மடிக்கணினி தானாகவே ஊர் நேரத்துக்கு மாறியிருந்தது. ஐபி ஒரு நாட்டையும் கடிகாரம் இன்னொரு நாட்டையும் சொல்லிக்கொண்டிருந்தன. ஆனால் என் விஷயத்தில் அதுவரை போகத் தேவையே இருக்கவில்லை, முகவரியிலேயே கதை முடிந்துவிட்டது.

அங்கே வீட்டில் இருக்கும்போது இதே வங்கி விரல் வைத்ததும் திறந்துகொள்ளும். அது நம் மீதுள்ள நம்பிக்கை என்று நினைத்திருப்போம். பாதி நம்பிக்கை நம் வீட்டு ஐபி மீதுதான். திருடிய கடவுச்சொற்களை ஆயிரக்கணக்கில் சோதித்துப் பார்ப்பவர்களும் இதே விபிஎன் முகவரிகள் வழியாக வருகிறார்கள் என்பதால் வங்கியின் எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லாமல் விரட்டுவதுதான் பொறுக்கவில்லை. நாட்டுக்கு நாடு உரிமம் வாங்கிப் படம் காட்டும் தளங்கள்கூட, ப்ராக்ஸியை அணைத்துவிட்டு வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. பணத்தை வைத்திருக்கும் வங்கிக்கு அந்த ஒரு வரியை எழுத என்ன தடை? ப்ரௌசிங் சென்டர் காலத்தில், நமக்கு முன்னால் யார் உட்கார்ந்தார் என்றே தெரியாத கணினியில் மெயில் பார்த்தோம். எங்கிருந்து வருகிறாய் என்று எந்தத் தளமும் கேட்டதில்லை. பாதுகாப்பற்ற காலம்தான், இருந்தாலும் மனம் அங்கே போய்வந்தது.

விபிஎன்னை அணைத்துவிட்டுப் போனின் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகச் சொன்னான். தளம் உடனே திறந்தது. புதிய இடம் என்று கண்டுகொண்டு, ரோமிங்கில் இருந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பிவிட்டு ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து நேராக வருபவரைக் கூடுதலாகச் சரிபார்த்து உள்ளே விடும் அமைப்பு, உள்நாட்டு முகவரியோடு மறைந்து வருபவரைச் சரிபார்க்கவே வாய்ப்பளிப்பதில்லை. எனவே அந்த ஓடிபி வந்து சேர, ரோமிங் வசதியுள்ள சிம்மை ஊருக்குக் கொண்டுபோவது அவசியம்.

பொது வைஃபையில் விபிஎன் இல்லாமல் முடியாது என்பவர்கள், புறப்படும் முன் சொந்த வீட்டு ரூட்டரிலேயே வயர்கார்டை அமைத்துவிட்டு, ஊரிலிருந்து அதன் வழியாக இணையலாம்; அப்போது வெளியே தெரிவது உங்கள் வீட்டு ஐபியாகவே இருக்கும். பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் இணைப்பாக இருந்தால், வெளியிலிருந்து ரூட்டரை நேரடியாக அடைய முடியாது. தனிப் பொது ஐபி கிடைக்குமா என்று இணைய சேவையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.