சித்தூர்ப் பக்கம் பி.காமா, பி.ஏ. தமிழா?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத் தமிழ் வீடுகளில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஓடும் பேச்சு இதுதான். பி.காம். என்றால் வழிகள் அதிகம்: பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவு, கோவையில் ஆடிட்டர் அலுவலகம், 2017-ல் வந்த ஜிஎஸ்டிக்கு ரிட்டர்ன் போடும் வேலை. ஆனால் டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரியாவிட்டால் யாரும் சீந்துவதில்லை. முதல் சம்பளமும் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். கூட்டுறவைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் கூட்டுறவு வங்கி கிளார்க் தேர்வு எழுதலாம். சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை.

"கேரளாவில் தமிழ் படித்து என்ன செய்வாய்?" என்று மாமாக்கள் கேட்பார்கள். பி.ஏ. தமிழோடு பி.எட்., கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) மூன்றாம் பிரிவுத் தேர்ச்சி இருந்தால் பி.எஸ்.சி. (கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியே உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஆகலாம். போட்டி குறைவு, பணியிடம் அதைவிடக் குறைவு. அறிவிப்பு வரும்வரை டியூஷன்தான்.

வீட்டில் கடன் தவணை ஓடுகிறதென்றால் நான் பி.காம். என்பேன். காத்திருக்க முடிந்தால் தமிழ். அப்புறம், தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று பி.எஸ்.சி.யில் கிளார்க் பணி உண்டு. அதற்குத் தமிழ்ப் பட்டம்தான் வேண்டும் என்றில்லை, பி.காம்.காரரும் எழுதலாம்.