ஆபீஸில் பழகியதில் மண்டிவரை வந்தது எது: ஒரு புரோகிராமரின் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மிக்சி வாங்கிய மூன்றாம் நாளில் எழுதும் விமர்சனத்தை நான் நம்புவதில்லை. ஜார் கசிவதும், பிளேடு மழுங்குவதும், சர்வீஸ் சென்டரில் போனை எடுக்காததும் இரண்டாம் வருடத்தில்தான் தெரியவரும். சாஃப்ட்வேர் வேலையின் நடைமுறைகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாள்காரர்கள், மீதிப் பேர் அதை விற்கிறவர்கள். நான் இவற்றோடு பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டேன். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

எதை வைத்து மதிப்பிடுவது என்பதுதான் சிக்கல். ஆபீஸில் ஒரு நடைமுறை உண்மையிலேயே பயன்படுகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. செய்யாவிட்டால் யாராவது கேட்பார்கள், அதனால் எல்லோரும் செய்கிறார்கள். எனக்கு ஒரு வசதி அமைந்தது. சம்பளம் தருவது பெங்களூரு கம்பெனி, வீடு கிருஷ்ணகிரி. காவேரிப்பட்டணம் போகும் வழியில் மாமா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அங்கே எடை போடுவதிலிருந்து விவசாயி கையில் பில் கொடுப்பது வரை ஓடும் புரோகிராம் நான் எழுதியது. பல சீசன்களைப் பார்த்துவிட்டது. அங்கே எனக்கு மேனேஜர் இல்லை, ஆடிட் இல்லை, டேஷ்போர்டு இல்லை. பில் சரியாக வந்தால் போதும், உள்ளே என்ன கூத்து நடந்தாலும் மாமா எட்டிப் பார்க்க மாட்டார். ஆகவே ஒரே கேள்விதான்: ஆபீஸில் பழகியதில் எதை, யாரும் சொல்லாமலே, மண்டிக்குக் கொண்டுபோனேன்?

முதலில் போனது கிட், அதாவது புரோகிராமில் எது, எப்போது, ஏன் மாறியது என்று வரலாறு வைத்திருக்கும் மென்பொருள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்கள் இதே வேலைக்கு இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் கையைவிட்டுப் போனதும், 2005 ஏப்ரலில் லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து எழுதியது. உலகம் முழுக்க இருக்கும் ஆட்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான சாமான் ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று கேட்கலாம். போன சீசனில் இறக்குக் கூலிக் கணக்கை ஏன் மாற்றினேன் என்பது இந்த சீசனில் எனக்கே ஞாபகம் இருக்காது. கமிட்டில், அதாவது மாற்றத்தைக் கிட்டில் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில், ஒரு வரி இருக்கும்: "தோத்தாபுரிக்கு டன் கணக்கு, மற்ற ரகத்துக்குப் பெட்டிக் கணக்கு, மாமா சொன்னது." அது போதும். ஆபீஸில் இதே கிட்டின் மேல் கிளைகள், கிளைக்குள் கிளைகள், சேர்ப்பதற்கு இத்தனை பேர் ஒப்புதல் என்று ஒரு கோபுரமே கட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு செங்கல்கூட மண்டிக்கு வரவில்லை.

ஒரே வேலையைப் பல குட்டிப் புரோகிராம்களாகப் பிரித்து ஓட்டும் மைக்ரோசர்வீஸும் வரவில்லை. மண்டியில் ஒரே புரோகிராம், தரவையெல்லாம் ஒரே ஃபைலில் வைக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஒன்று. ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட இந்த எஸ்கியூலைட்தான் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2050 வரை பராமரிப்பதாக அவர்கள் திட்டம் போட்டிருக்கிறார்கள், ஒரு மாங்காய் மண்டிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மண்டி சாத்தியதும் பேக்கப் ஒன்று பென்டிரைவுக்கும் ஒன்று என் வீட்டுக்கும் போகிறது. அந்த பேக்கப்பைத் திறந்து அன்றைய கடைசிப் பில் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதும் வேலையில் சேர்த்தி. திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

ஆபீஸில் ஒரு வாடிக்கையாளரின் முகவரியை மாற்ற ஒரு டஜன் சர்வீஸ் ஒன்றையொன்று கூப்பிடுகிறது. அதில் ஒன்று படுத்தால் எது படுத்தது என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு டூல். நூற்றுக்கணக்கான புரோகிராமர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் தனித்தனியாக ரிலீஸ் செய்ய வேண்டிய இடத்தில் இந்தப் பிரிவினைக்கு அர்த்தம் இருக்கிறது. பிரிப்பது ஆட்களைத்தான், புரோகிராமை அல்ல. எட்டுப் பேர் டீமுக்கு எதற்கு என்று கேட்டால் 'ஸ்கேல் ஆகணும்', அதாவது கூட்டம் பெருகினாலும் தாங்கணும், என்பார்கள். 2023இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு டீம், வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் சிஸ்டத்தைத் துண்டு துண்டாக வைத்திருந்ததிலிருந்து ஒரே புரோகிராமாகச் சேர்த்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக எழுதியது. அவர்களுக்கே அப்படி.

டெஸ்ட், அதாவது புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று தானாகச் சரிபார்க்கும் குட்டிப் புரோகிராம், பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஆபீஸில் கவரேஜ், அதாவது டெஸ்ட்கள் ஓட்டிப் பார்க்கும் வரிகளின் பங்கு, 80 சதவீதம் இருந்தால்தான் கோட் உள்ளே போகும். அதனால் உடையவே வாய்ப்பில்லாத வரிகளுக்கெல்லாம் டெஸ்ட் எழுதி சதவீதத்தைத் தேற்றுகிறார்கள். உடையக்கூடிய இடம் மிச்சமுள்ள 20இல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். மண்டியில் பணம் தொடும் இடத்துக்கு மட்டும் டெஸ்ட் உண்டு, மற்ற எதற்கும் கிடையாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். லோடோடு எடை 6,840 கிலோ, காலி வண்டி 2,610. மாங்காய் 4,230. கழிவு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், 126.9 கிலோ. பில் போடும் அக்காவின் கைவழக்கம், கழிவில் அரைக் கிலோவுக்கு மேல் வந்தால் முழுக் கிலோவாக எடுப்பது, கீழே வந்தால் விட்டுவிடுவது. ஆக 127 போக 4,103 கிலோ. கிலோ 18 ரூபாய் என்றால் 73,854 ரூபாய். கழிவை முழுக் கிலோ ஆக்காமல் பெருக்கினால் 73,855 ரூபாய் 80 காசு. வித்தியாசம் ஒரு ரூபாய் 80 காசுதான். ஆனால் வண்டியோடு வந்திருக்கும் பையன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு நிற்பான். பணம் பிரச்சினை இல்லை, 'கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாங்க' என்ற பேச்சு கிளம்பிவிடும். போதாததற்கு, கம்ப்யூட்டரின் வழக்கமான புள்ளிக் கணக்கில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஆகவே என் புரோகிராமில் பணம் முழுக்கக் காசுகளாக இருக்கிறது, எடை கிலோவாக, புள்ளியே கிடையாது. அக்காவின் பழைய கார்பன் பில் புத்தகத்திலிருந்து எடுத்த பில்கள்தான் என் டெஸ்ட்கள். யாராவது வந்து சண்டை போட்டால் அந்தப் பில்லும் ஒரு டெஸ்ட்டாகச் சேர்ந்துவிடும். கமிஷன் கணக்கை மாற்றும்போதெல்லாம் அந்தப் பழைய சண்டைகள் அத்தனையும் ஒருமுறை ஓடி முடிகின்றன. கவரேஜ் எவ்வளவு என்று இதுவரை பார்த்ததில்லை.

ஏஐ பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். மண்டியில் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான், மூன்று காப்பி கார்பன் வேண்டும். அந்தப் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டிய கட்டளைகளை மேனுவலில் தேடினால் ஒரு சாயங்காலம் போய்விடும். ஏஐ சட்டென்று எழுதிக் கொடுத்தது, பேப்பரில் அடித்துப் பார்த்ததும் சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. அந்த மாதிரி வேலைக்கு நிச்சயம் வாங்கலாம்.

எடைமேடை வேறு கதை. தராசுப் பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எண் வந்துகொண்டே இருக்கும். வண்டி மேடையேறி நின்ற பிறகும் இன்ஜின் ஓடும், டிரைவர் குதிப்பார், யாராவது பின்னால் தொற்றிக்கொண்டிருப்பார்கள். "தம்பி, வண்டி ஆடுது, நம்பர் நிக்க மாட்டேங்குது. நான் எத எழுதறது?" என்று அக்கா கேட்டதுதான் மொத்தப் பிரச்சினையும். ஏஐயிடம் சொன்னேன். வருகிற எண்களில் கடைசிப் பத்தை எடுத்து சராசரி போட்டு, கமென்ட்டெல்லாம் எழுதி, அழகான கோட் தந்தது. ஆடுகிற வண்டியின் சராசரி எந்த வண்டியின் எடையும் அல்ல என்பது அதற்குத் தெரியவில்லை. மேடை ஓரத்தில் பத்து நிமிடம் நின்றால் தெரியும்: எண் மூன்று விநாடி அசையாமல் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் பில் போடும் பட்டனே வேலை செய்யக் கூடாது, இன்ஜினை அணைக்கச் சொல்ல வேண்டும். கோட் அதைவிட எளிது. எதை எழுத வேண்டும் என்பதுதான் வேலை.

ஆபீஸில் யார் எவ்வளவு ஏஐ பயன்படுத்துகிறார்கள் என்று இப்போது ஒரு பட்டியல் சுற்றுக்கு வருகிறது. 2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் புரோகிராமர்களிடம் 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 16 பேர்தான், அதுவும் தங்களுக்கு அத்துபடியான புராஜெக்டில், அதற்குப் பிறகு டூல்களும் மாறிவிட்டன. எல்லோருக்கும் அதைப் பொருத்த மாட்டேன். ஆனால் 'வேகமாகப் போகிறது போல இருக்கிறது' என்று யாராவது சொன்னால் இனிமேல் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

சரி, ஸ்டாண்ட்அப்புக்கு வருவோம், அதாவது யார் என்ன செய்கிறார்கள் என்று டீம் தினமும் கூடிச் சொல்லும் சின்ன மீட்டிங்குக்கு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி, சாஃப்ட்வேரைச் சின்னச் சின்னத் தவணையாக எழுதும் வழி பற்றி எழுதிய அஜைல் அறிக்கையில் இருப்பது நான்கு மதிப்பீடுகளும் 12 கொள்கைகளும்தான். ஸ்டாண்ட்அப்பும் இல்லை, ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஊகித்துப் போடும் எண்ணான ஸ்டோரி பாயிண்ட்டும் இல்லை. ஸ்டாண்ட்அப், டீம் வேலையை ஒழுங்குபடுத்தும் ஸ்க்ரம் என்ற முறை வழியாக வந்தது. 'நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன' என்ற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. எங்கள் டீமில் இன்னும் வரிசையாக ஒப்பிக்கிறோம். எல்லோரும் மேனேஜரைப் பார்த்துச் சொல்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. ஸ்டோரி பாயிண்ட்டை உண்டாக்கியது நானாக இருக்கலாம், அப்படியென்றால் இப்போது வருந்துகிறேன் என்ற பொருளில், அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் எழுதியே பல வருடமாகிறது. நாங்கள் இன்னும் ஐந்தா எட்டா என்று சீட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

மண்டியில் மாமா கேட்பது ஒன்றுதான்: "மாப்ள, எப்ப முடியும்?" நான் சொல்வதும் ஒன்றுதான்: "பூ விடறதுக்குள்ள மாமா." தை, மாசியில் மரம் பூத்துவிட்டால் அவர் தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார், பேசக் கிடைக்க மாட்டார். இருவருக்கும் புரிகிற கெடு. அந்த 12 கொள்கைகளில் ஒன்று, பயன்படுத்துகிறவரும் எழுதுகிறவரும் தினம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது. அதுதான் வந்தது. அக்காவின் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது, தொந்தரவு கொடுத்ததையெல்லாம் தேதி போட்டு எழுதிவைப்பார். ஆபீஸில் சரிசெய்ய வேண்டியவற்றைப் பதிவு செய்த டிக்கெட் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, பாதிக்கு யார் எழுதினார்கள் என்பதற்கே ஆள் இல்லை.

என் அளவுகோலில் ஓட்டை உண்டு. கோட் ரிவ்யூவை, அதாவது ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்ப்பதை, மண்டிக்குக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் அது வேண்டாதது என்று சொல்ல மாட்டேன். அங்கே படித்துப் பார்க்க இன்னொரு ஆள் கிடையாது, அவ்வளவுதான். ஆபீஸில் ஒரு சீனியர் பெண் இருக்கிறார். பெயர் நீளம், இடைவெளி பற்றியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டார். 'இது இரண்டு முறை ஓடினால் என்ன ஆகும்?' என்று ஒன்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியை மட்டும் திருடிக்கொண்டு வந்திருக்கிறேன். அக்கா பிரிண்ட் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இரண்டாவது தாளில் 'நகல்' என்று விழுவது அதனால்தான்.

வேலை வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. இப்போது வாரத்தில் சில நாள் ஆபீஸ் வர வேண்டும் என்கிறார்கள். கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் கிடையாது. விடிவதற்கு முன் பஸ், சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். போய் இறங்கி ஹெட்செட் மாட்டிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் டீமோடு பேசுகிறேன். இதற்கு ஐந்தில் ஒரு ஸ்டார், அதுவும் கேன்டீன் காபிக்காக. 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னபோது ஆபீஸ் குரூப்பில் இரண்டு நாள் அனல் பறந்தது. மண்டியில் ஜூன் மாதம் சுமை இறக்குகிறவர்கள் அதைவிட அதிகமாகவே வேலை செய்கிறார்கள், ஆனால் டன்னுக்குக் கூலி உண்டு, சீசன் முடிந்தால் அதுவும் முடிந்தது. எங்களுக்கு சீசனே முடிவதில்லை, கூடுதல் மணிக்குக் கூலியும் இல்லை. வேறு வேலை கிடைத்தால் மூன்று மாத நோட்டீஸ், கம்பெனி அனுப்புவதானால் ஒரு வீடியோ கால்.

கடைசியாக ஒன்றை முழு மனதோடு சிபாரிசு செய்வேன்: நெரிசல் காலத்தில் எதையும் மாற்றாமல் இருப்பது. ஆபீஸில் வருடக் கடைசியில் 'ஃப்ரீஸ்' என்று அறிவிப்பார்கள், பிறகு யாரோ ஒரு பெரியவருக்காக விதிவிலக்கு வரும். மண்டியில் மே முதல் ஜூலை முடியும் வரை புரோகிராமில் ஒரு வரி மாறாது, மாமா கேட்டாலும் மாறாது. பில் நேராக விவசாயியின் வாட்ஸ்அப்புக்குப் போக வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா நோட்டில் எழுதிவிட்டார். ஆகஸ்ட்டில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.